ஃபியூஸைப் பிடுங்கினால் நின்றுவிடுமா?

அத்தியாயம் 11

பூட்டை உடைத்தது யார் என்று இனி யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அம்மாதான். ஒளிவு மறைவே கிடையாது. அப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, சுத்தியலும் கையுமாக அவர் மூக்குக்கு நேரே நடந்துபோய், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையின் பூட்டை அடித்துப் பெயர்த்துப் போட்டாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

உள்ளே, பழைய மெத்தைக்கும் கால் போன நாற்காலிக்கும் நடுவில், போர்வை போர்த்திக்கொண்டு நின்றது அவளுடைய ஆர்கன். கல்யாணத்துக்கு முன்னால் மெல்லிசைக் குழுவில் அவள் வாசித்த அதே ஆர்கன். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்டுச் செய்த காலத்துப் பெட்டி. இப்போது வரும் கீபோர்டு மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை, ஆள் சேர்த்தால்தான் நகரும்.

"டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு. செத்த பொட்டி. மறந்துடு" என்று கல்யாணமான முதல் வருஷமே அப்பா சொல்லிவிட்டார். அதே குழுவுக்கு வயர் இழுத்து, மைக் கட்டி, மேடை விளக்குப் போட்டவர் அவர். அப்புறம் மின்சாரக் கம்பெனியில் வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றாயிற்று. கரண்டைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? அம்மா நம்பினாள். நம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

இப்போது அந்தக் குழு மறுபடி கூடுகிறது. நாளைக்கு முதல் ஒத்திகை. குழுவை நடத்தும் மாஸ்டர் நேற்றுப் போனில் பட்டுக் கத்தரித்த மாதிரி சொல்லிவிட்டார். "பழைய பாட்டெல்லாம் அந்தப் பொட்டியோட சத்தத்துக்குன்னே போட்டதும்மா. அது பேசுச்சுன்னா அதோட நீ வா. இல்லேன்னா கீபோர்டு வாசிக்கிற பொண்ணு ஒண்ணு தயாரா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் நானே கூப்பிடறேன், ஒரு வார்த்தை சொல்லிடு."

அந்த 'நாளைக்கு சாயங்காலம்' இன்றைக்கு வந்துவிட்டது.

* * *

காலையிலேயே பெரியவள் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி மிஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் என்ஜினீயர். கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கிறாள். அம்மா போனில் "வாடி" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் லீவு போட்டுவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குள் சின்னவன் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு ஆர்கனைக் கூடத்துக்கு இழுத்துவந்து, ப்ளக்கும் கையுமாக நின்றான். கார் ஷோரூமில் விற்பனை பார்க்கிறவன். எதையும் உடனே ஓட்டிக் காட்டிவிட வேண்டும் அவனுக்கு.

"சொருகு, சுவிட்சைப் போடு. ஓடினா ஓடட்டும். ஓடலேன்னா அப்பா சொன்னது நிஜம். இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"டேய், அந்த ப்ளக்கைக் கீழ வை."

"அக்கா, ஒரு செகண்டு..."

"அந்த ஒரு செகண்டுலதான்டா எல்லாம் போகும்!" பெரியவள் அவன் கையிலிருந்து வயரைப் பிடுங்கினாள். "வருஷக்கணக்கா படுத்த படுக்கையா கிடந்தவங்களை எழுப்பி விட்டு, எடு ஓட்டம்னு சொல்லுவியா? இதுக்குள்ள கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டென்சர்னு இருக்கு. கரண்டே பார்க்காம கிடந்தா அதோட உள்பூச்சு கெட்டுப் போயிருக்கும். முழு கரண்டையும் ஒரேயடியா விட்டா தாங்காது, ஷார்ட் ஆகும். தான் போறதோட நிக்காது, டிரான்ஸ்பார்மரையும் கூடவே இழுத்துட்டுப் போகும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு இப்ப நீ எங்க போவ?"

"அதான் ஏற்கெனவே எரிஞ்சு போச்சுங்கிறாரே உங்கப்பா" என்றாள் அம்மா. அப்பாவுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

"அதை மீட்டர் சொல்லட்டும்மா."

பெரியவள் பின்பலகையைக் கழற்றினாள். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். மின்வயரின் ரப்பர் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. "நீ இதைச் சொருகியிருந்தா உனக்கே ஷாக் அடிச்சிருக்கும்" என்று தம்பியிடம் சொல்லி, அதை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு எர்த் வைத்த புது வயரைப் பொருத்தினாள். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் டிரான்ஸ்பார்மரில் அங்கே இங்கே வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். அவள் புருவம் மேலே போனது.

"அம்மா, இது எரியல. எந்தச் சுத்துக் கம்பியும் அறுந்து போகல. நல்லா இருக்கு."

அம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எரியவில்லையா? அப்படியானால் அந்த முதல் வருஷம், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் சொன்னது? அன்றைக்கு இவள் அழுதபோது முதுகைத் தட்டிக் கொடுத்தாரே, அது?

"கேட்டுச்சா?" என்றாள் அப்பாவைப் பார்த்து.

இந்தத் தடவை செய்தித்தாள் இறங்கியது. அப்பா அதை நிதானமாக நாலாக மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மீட்டருக்கு என்ன தெரியும்? போட்டா வெடிக்கும். வீடு பத்திக்கும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"நான் கேட்டது அது இல்ல. எரிஞ்சுதா, எரியலையா?"

அப்பா எழுந்து நேராக வாசல்பக்கச் சுவரில் இருக்கும் மெயின் போர்டுக்குப் போனார். மெயின் சுவிட்சை இறக்கினார். கூடத்தில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி தள்ளாடி நின்றது. ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போர்டுக்கு மேலே உபரி ஃபியூஸ் வைக்கிற டப்பா இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்.

"என் வீட்டுல இதுக்குக் கரண்டு கிடையாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போயே போய்விட்டார்.

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். முதலில் சுதாரித்தவன் சின்னவன்தான். "இதென்ன பெரிய விஷயம்! ஒரு செப்புக் கம்பியை முறுக்கி வெச்சா கரண்டு வந்துட்டுப் போகுது."

"அப்புறம் ஷார்ட் ஆச்சுன்னா ஃபியூஸ் எரியாது, வீடுதான் எரியும். அப்பா சொன்னது பலிக்கணுமா உனக்கு?" பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றேன், இரு."

"வேண்டாம்" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"நீ ஒண்ணு வாங்கிட்டு வருவ. அவர் வந்து அதையும் பிடுங்குவார். நீ இன்னொண்ணு வாங்கப் போவ. பொழுது போயிடும், மாஸ்டர் கூப்பிட்டுடுவார். நல்ல ஆட்டம்தான்!" அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அந்தச் செருகலைப் பார்த்ததுமே பிள்ளைகள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று, இனிமேல் இதில் பேச்சுக்கே இடமில்லை என்று. "அவர் வீட்டுல கரண்டு கிடையாதுன்னுதானே சொன்னார்? ஊர்லயே கிடையாதுன்னா சொன்னார்? எதிர்ல சலவைக்கடை இருக்கு. தூக்குங்கடா!"

* * *

சலவைக்கடைக்காரி அம்மாவுக்கு நெடுநாள் சிநேகிதி. இரண்டு ஆள் சத்தம் ஒரே தொண்டையில் போடுவாள். அவளுக்கும் அப்பாவுக்கும் ஆகாது. 'உன் இஸ்திரிப் பெட்டி போட்டாலே எங்க வீட்டு விளக்கு மங்குது' என்று அவர் கம்பெனிக்கே புகார் எழுதிப் போட்டவர்.

"யக்கா, இது என்ன கேள்வி! கடையே உன்னோடதுதான்" என்றாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஏற்றிவரும் சக்கர வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆர்கன் தெருவைக் கடந்தது. பட்டப்பகலில், எல்லோர் கண்ணிலும் படும்படி. சைக்கிளில் போனவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று பார்த்தார். மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்தார். மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அம்மா ஒருத்தரைப் பார்த்தும் தலையைக் குனியவில்லை. பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தாள். வீட்டுக்குள் ஒரு மூலையில் முடிந்துபோயிருக்க வேண்டிய விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அப்பாதான். அது அவருக்கு இன்னும் தெரியாது, பாவம்.

கடையில் நீராவியும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. மேலே கம்பிகளில் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் காலரிலும் நம்பர் போட்ட துண்டுச்சீட்டு. பெரியவள் ஈரம் இல்லாத ஒரு மூலையாகப் பார்த்து, தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, ஆர்கனை அதன் மேல் நிறுத்தச் சொன்னாள். கடையின் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பையைத் திறந்தாள்.

வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பூத்துவாலையில் சுருட்டி வைத்தாள். பையிலிருந்து பலகையில் பொருத்திய ஒரு குண்டு பல்பையும், மேலே திருகு வைத்த கனமான ஒரு பெட்டியையும் எடுத்தாள்.

"இது எதுக்குடி?" என்றாள் அம்மா.

"இந்தத் திருகைத் திருப்பினா வோல்டேஜ் கொஞ்சங் கொஞ்சமா ஏறும். அப்புறம் இந்த பல்பு. ஆர்கனுக்குப் போற கரண்டு இதைத் தாண்டித்தான் போயாகணும். உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்துச்சுன்னா பல்பு பளிச்சுன்னு எரியும், பொட்டி தப்பிச்சுடும். பல்பு மங்கினா நமக்கு நல்லது."

"எரியாம இருந்தா நல்லதா? உங்க வேலையே தலைகீழா இருக்கே" என்றாள் சலவைக்காரி.

"இதையும் பாருங்க அத்தை." ஒரு சின்ன மீட்டரை எதிரே வைத்தாள். "கண்டென்சர் எவ்வளவு கசியுதுன்னு இந்த முள்ளு காட்டும். இவ்வளவு வருஷம் சும்மா கிடந்தது இல்லையா, முதல்ல எக்கச்சக்கமா கசியும். பொறுமையா கொஞ்ச நேரம் வெச்சிருந்தா உள்ள பூச்சு மறுபடி பிடிக்கும், முள்ளு மெல்ல இறங்கும். அப்புறம் கொஞ்சம் ஏத்தணும். மறுபடி காத்திருக்கணும். சாயங்காலம்வரை ஆகலாம்."

"சாயங்காலமா! அதுக்குள்ள மாஸ்டர் கூப்பிட்டுடுவாரேடி!"

"கூப்பிட்டா கூப்பிடட்டும். அவசரப்பட்டு எரிச்சா நாளைக்கு இல்ல, என்னைக்குமே இல்ல. எது வேணும் உனக்கு?"

அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கை சும்மா இருக்குமா? கட்டைகளின் மேல் விரல் போய் உட்கார்ந்தது. பெரியவள் பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டாள். "பக்கத்துல வராதே! உள்ள எல்லாம் திறந்து கிடக்கு, உசுரை வாங்கிடும். தள்ளி உட்காரு." பெற்ற தாயை அடித்த கை என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்மா மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, வைத்த கண் வாங்காமல் அந்த பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெரியவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் திருகைத் தொட்டாள். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும் என்று அவர்கள் தொழிலில் சொல்வார்கள். ஒரு சின்னத் திருப்பு.

பல்புக்குள் இழை லேசாகச் சிவந்தது. சிவப்பு அடங்கியது. முள் துள்ளி எழுந்தது. அடுத்த நிமிஷமே தொப்பென்று கீழே வந்து படுத்துக்கொண்டது.

பெரியவள் முகம் மாறிவிட்டது.

"என்னடி ஆச்சு? போச்சா?"

"இரும்மா." இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். முள் எழுந்தது, உடனே படுத்தது. இன்னும் கொஞ்சம். அதே கதை. மீட்டரில்தான் கோளாறு என்று பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

"அக்கா, நல்லாத்தானே இருக்கு? அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி பார்க்கிற?" என்றான் சின்னவன்.

"அதான்டா பிரச்சினை. நல்லா இருக்கவே கூடாது."

எல்லாவற்றையும் அணைத்தாள். வயரைச் சுவரிலிருந்தே உருவிப்போட்டாள். கண்டென்சரில் மிச்சம் தங்கியிருக்கும் கரண்டையும் இறக்கிவிட்டு, மீட்டர் வைத்து ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். அப்புறம்தான் கை உள்ளே போனது. கட்டைவிரல் தடிமனில் ஒரு அலுமினிய டப்பா, பழைய கம்பெனி முத்திரை, துரு, அழுக்கு எல்லாம் அப்படியே. அதுதான் கண்டென்சர். டார்ச்சை அதன் அடியில் பிடித்தாள். சுற்றிலும் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. மெல்லிய கத்தியை அதில் விட்டு நெம்பினாள். டப்பா தொப்பி கழல்வது போலக் கழன்று வந்தது.

உள்ளே, பளபளவென்று நீல நிறத்தில் புது கண்டென்சர்கள். ரொம்பச் சின்னவை. இந்தக் காலத்துச் சரக்கு.

"பழைய டப்பாவைக் குடைஞ்சு எடுத்துட்டு, உள்ள புதுசை வெச்சு, மறுபடி ஒட்டி வெச்சிருக்காங்க. வெளியில இருந்து பார்த்தா சத்தியமா தெரியாது. ஒரு கை தேர்ந்த ஆள் பண்ணின வேலைம்மா. அதுவும் பழசு இல்ல, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள. வெளியில தெரியற மின்வயரை மட்டும் வேணும்னே பழசா விட்டிருக்காங்க." பெரியவள் குரல் தணிந்துவிட்டது. "மத்த வயரெல்லாம் கட்டியிருக்கிற நூலைப் பாரு."

அம்மா எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள்.

வெள்ளை மெழுகு நூல். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, வாலை ஒட்ட நறுக்கிய முனை. எத்தனை மேடையில் பார்த்திருக்கிறாள் அதை! நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் அவள் காலடியில் உட்கார்ந்து, ஆர்கன் வயர் யாருடைய காலையும் தட்டாமல் இருக்க, அந்த முடிச்சைத்தான் போடுவார் அவர். அந்த முடிச்சைப் பார்த்துத்தான் இந்த மனுஷனை ஒருவேளை கட்டிக்கலாமோ என்று அவளுக்கு முதலில் தோன்றியதே.

"உங்கப்பா" என்றாள்.

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

"தங்கச்சி வீட்டுக்கு நான் போற வாரமெல்லாம் பூட்டைத் திறந்திருக்கார்" என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அதான், 'நிம்மதியா இருந்துட்டு வா, அவசரமில்ல'ன்னு அனுப்பி வைப்பார்."

சலவைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் பெரிதே தவிர, மனசு சலவைத்துணிதான். "பாரேன் யக்கா! வாய்விட்டுச் சொல்லாத மனுஷன், இவ்வளவு வருஷமா உன் பொட்டியைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தியிருக்கார். எவ்வளவு பாசம் இருந்தா..."

"பாசமா?"

அம்மா நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்து சலவைக்காரியே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"செத்துப்போச்சுன்னு சொல்லி என்னை அழ விட்டாரு. உசுரோடதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் கையால சாப்பிட்டாரு. கல்யாண வீடுகள்ல பாட்டுக் கேட்டு நான் மேசை மேல விரலைத் தட்டினா, 'கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு'ன்னு சொன்னாரு. இதுக்குப் பேரு பாசமா? அவருக்குப் பொட்டி மேல பாசம்டி. எனக்கு என்ன வந்துச்சு அதுல?" குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "அழ மாட்டேன். அன்னிக்கே அழுது முடிச்சாச்சு. பெரியவளே, வால்வை மாட்டு."

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு..."

"மாட்டுடி!"

* * *

கோபம் அம்மாவுக்குத்தான், பெரியவளுக்கு இல்லை. அதனால் அவள் ஒரு படியையும் தாண்டவில்லை. வால்வுகளை மாட்டி, மறுபடி கீழிருந்து, பொழுது சாயும்வரை, மெல்ல ஏற்றினாள். வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. மூக்கை உறிஞ்சி, கருகல் வாசனை வருகிறதா என்று பார்த்தாள். டெஸ்டரை இரும்புச் சட்டத்தில் வைத்து, வெளியே கரண்டு கசியவில்லை என்று தெரிந்துகொண்டாள். பின்பலகையை மூடித் திருகிவிட்டு, பல்பையும் நடுவிலிருந்து எடுத்தாள். கடைசித் திருப்பு. ஒலிபெருக்கியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது.

"இப்ப தொடலாம்மா."

அம்மா விரலை வைத்தாள்.

அடேயப்பா! தொங்கிய சட்டைகளெல்லாம் அதிர்ந்த மாதிரி இருந்தது. அடித்தொண்டையிலிருந்து வரும் கனமான, நடுக்கம் கலந்த அந்தச் சத்தம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது அடியிலேயே விரல் தடுமாறித் தப்புக் கட்டையில் விழுந்தது. "சீ!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிடித்தாள். மூன்றாவது தடவை விரல்களுக்குச் சூடு பிடித்துவிட்டது. வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

"எல்லாக் கட்டையும் ஒரு தடவை தட்டிப் பாரும்மா" என்றாள் பெரியவள். அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை ஓட்டினாள். பெரியவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் நெற்றி மறுபடி சுருங்கியது. "வருஷக்கணக்கா அழுத்தாத கட்டைன்னா அடியில களிம்பு பிடிச்சுக் கரகரன்னு இருக்கும்மா. இதுல ஒண்ணுகூடக் கரகரக்கல. கண்டென்சரை மாத்தினது சரி. ஆனா இதை யாரோ வாசிச்சுக்கிட்டும் இருந்திருக்காங்க."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதே" என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கூட்டம் விலகியது.

அப்பா.

சட்டையெல்லாம் வியர்வை. தெருமுனைவரை சத்தம் கேட்டிருக்க வேண்டும், அரக்கப்பரக்க வந்திருந்தார். கடைக்குள் ஒரு அடி வைத்தார். பெஞ்சின் மேல் தொப்பி மாதிரி கழற்றி வைத்திருந்த அந்த அலுமினிய டப்பா அவர் கண்ணில் பட்டது. அதற்கு மேல் கால் நகரவில்லை.

"தெருவுல வெச்சு மானத்தை வாங்கறியா? நிறுத்து."

அம்மா நிறுத்தவில்லை. ஒரு கை வாசித்துக்கொண்டே இருந்தது.

"எரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே."

அப்பா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"ஊரே கேக்குது, சொல்லுங்க. செத்ததுக்கு எதுக்குங்க புது கண்டென்சர்?"

அப்பா சலவைக்காரியைப் பார்த்தார், மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். யார் முகத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "அது பாழாப் போறதைப் பார்க்க எனக்கு மனசு வரல."

"பொட்டி பாழாப் போக மனசு வரல." அம்மா தலையை ஆட்டினாள். "நான் பாழாப் போனா பரவாயில்ல. இல்ல?"

வாசலில் நின்றவர்களில் யாரோ "ச்" என்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் கையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். "மாஸ்டர்."

"ஸ்பீக்கர்ல போடு."

"என்னம்மா, என்ன முடிவு?" என்றது மாஸ்டரின் குரல். "அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்..."

அம்மா இரண்டு கையையும் கட்டைகளின் மேல் வைத்தாள். முதல் பாட்டின் தொடக்க இசை, ஒரு பிசிறு இல்லாமல், கடையை நிறைத்துத் தெருவில் இறங்கியது. அந்தப் பக்கம் போனில் ஒரு செருமல். "நாளைக்குப் பத்து மணிக்கு வேன் அனுப்பறேன்மா" என்றார் மாஸ்டர்.

"எதிர்ல சலவைக்கடைக்கு அனுப்புங்க. வீட்டுக்கு வேண்டாம்" என்றாள் அம்மா.

போனை வைத்தாயிற்று. அப்பா இன்னும் அங்கேயேதான் நின்றார். "வீட்டுக்கு வா. உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா இதுல கட்டையெல்லாம் நேத்து துடைச்சு வெச்ச மாதிரி பேசுது. நான் இல்லாதப்ப என் பொட்டியில யாருங்க வாசிச்சாங்க?"

அப்பாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதைப் பெரியவள் பார்த்தாள். ஃபியூஸைப் பிடுங்கியபோது இருந்த வீறாப்பு துளியும் இல்லை.

"அதை மட்டும் கேக்காதே" என்றார்.

"சரி, கேக்கல." அம்மா நாற்காலியை ஆர்கனுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்களா வந்து சொல்றவரைக்கும் நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன். பெரியவளே, சத்தத்தை ஏத்து."